ஓர் மை

இரண்டாம் பாகங்களை நான் நம்புவதில்லை. பழைய காதல் நாவல்களுக்கு இப்போது போனில் இரண்டாம் பாகம் எழுதுகிறார்கள். எழுதுவது அந்த நாவலாசிரியர்கள் இல்லை. அவர்களில் பலர் இப்போது உயிரோடும் இல்லை. வாசித்தவர்கள் எழுதுகிறார்கள். கல்யாணத்தில் நிம்மதியாக விட்டுவிட்டு வந்த கதாநாயகியை முப்பது வருஷம் கழித்துத் தட்டி எழுப்பி, சர்க்கரை எவ்வளவு என்று பார்க்கிறார்கள். ஒன்றில் கதாநாயகன் குடிகாரனாகியிருந்தான். இன்னொன்றில் அவன் மகன் வில்லனின் மகளைத்தான் கட்டுவேன் என்று நிற்கிறான். வாசித்து முடித்ததும், நாம் இல்லாத நேரத்தில் யாரோ வந்து நம் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டுப் போனது போல இருக்கும்.

இருந்தும் வாசிக்கிறேன்.

நாகர்கோவிலில் தையல் சாமான்கள் விற்கும் ஒரு கடையில் வேலை பார்க்கிறேன். பட்டன், நூல், ஃபால்ஸ், லைனிங் துணி. பன்னிரண்டாம் வகுப்பு வரை படிப்பு. எனக்குப் பேச வராது. கேட்ட நிறத்தில் நூலை எடுத்து வைக்கப் பேச்சு அதிகம் தேவையில்லை. அதனால்தான் இத்தனை வருஷம் அங்கேயே இருக்கிறேன். என்னோடு வேலை பார்ப்பவள் எனக்கும் சேர்த்துப் பேசிவிடுவாள். கதை வாசிக்கிற ஆப்பை என் போனில் ஏற்றிக் கொடுத்தவளும் அவள்தான்.

ஒரு மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டே சொன்னாள்.

"ஏட்டி, நீ ஒரு கதை சொல்லுவேல்லா, ரயில் ஸ்டேஷன்ல குடையத் திருப்பிக் குடுத்துட்டு நிப்பான்னு? அதுக்கு ரெண்டாம் பாகம் வந்திருக்கு."

"யாரு எழுதுதா?"

"பேரு இல்ல. பிச்சிப்பூ படம் போட்டிருக்கு. ஏன், கேஸ் போடப் போறியா?"

அந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். நான் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது அண்ணனுக்குக் கல்யாணம் ஆனது. பூதப்பாண்டியில் எங்கள் வீட்டுக்கு வந்த மைனி, பட்டுச் சேலைகளுக்கு அடியில் ஒரு தடித்த புத்தகம் கொண்டுவந்திருந்தார். வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையைக் கத்தரித்து எடுத்து பைண்டு செய்தது. எங்கள் வீட்டில் கதைப் புத்தகம் ஆகாது. அதனால் சபை காலண்டர் தாளில் அட்டை போட்டு, வேத வசனம் வெளியே தெரியும்படி வைத்திருந்தார். நான் கேட்காமலேயே எனக்கு வாசிக்கக் கொடுத்தார்.

கும்பகோணம் பக்கத்துக் கதை. நிலம் அளக்க வந்த ஒருவனும் பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தியும். அச்சடித்த தாள்கள் முடிந்தபின், கடைசி அத்தியாயம் மட்டும் கோடு போட்ட நோட்டுத் தாளில் நீல மையில் எழுதி ஒட்டப்பட்டிருந்தது. நாலு பக்கம். அந்த வாரத்துப் பத்திரிகை கிடைக்கவில்லை என்றும், இன்னொரு வீட்டுப் பிரதியைப் பார்த்து எழுதியதாகவும் மைனி சொன்னார். அப்படி எழுதி வைப்பது அந்தக் காலத்தில் புதிதில்லை. நம்பினேன்.

அந்த நாலு பக்கத்தில், அவன் தூர தேசத்துக்குப் போகிறான். அவள் பெட்டியோடு ஸ்டேஷனுக்கு வருகிறாள். மழை. ரயில் வருகிறது. அவள் ஏறவில்லை. அவன் குடையை அவனிடமே திருப்பிக் கொடுக்கிறாள். அவன், "என்னை ஓர்மை இருக்குமா?" என்று கேட்கிறான். அவள் தலையை மட்டும் ஆட்டுகிறாள். முற்றும். அதைப்போல ஒரு முடிவை நான் வேறு எந்தக் கதையிலும் வாசித்ததில்லை.

ஆகவே அந்த இரண்டாம் பாகத்தைச் சந்தேகத்தோடுதான் திறந்தேன். முப்பது வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டு, முழங்கால் வலியோடு, அதே ஸ்டேஷனில் அதே குடையோடு அவன் இறங்குகிறான். கீழே வாசகர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். "முதல் பாகத்தை வாசித்தீர்களா? அவர்களுக்குத்தான் கல்யாணம் ஆகிவிட்டதே!" என்று ஒருவர். "எந்தக் குடை? எந்த ஸ்டேஷன்? தலை சுற்றுகிறது" என்று இன்னொருவர். எனக்குக் கோபம் வந்தது. ஒழுங்காக வாசிக்காதவர்களெல்லாம் கருத்து எழுத வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். எழுதியவர் பக்கம் நின்று ஒரு வரி எழுதவும் நினைத்தேன். கை வரவில்லை.

மூன்றாவது பகுதியில் அவன் அவளைப் பார்த்துக் கேட்கிறான்: "உனக்கு என்னை ஓர் மை இருக்கா?"

வாசகர்களுக்கு இது ஒரே கொண்டாட்டம். காதல் என்பது ஒரே ஒரு மை, அதைத் தொட்டுத்தான் வாழ்க்கையை எழுத வேண்டும் என்று ஒருவர் விளக்கியிருந்தார். அதற்குக் கீழே நிறைய இதயங்கள். நான் பஸ்ஸில் அந்த வரியை உதட்டை அசைத்து வாசித்துப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஓர் மை. ஓர்மை. நினைவு என்பதற்கு எங்கள் பக்கத்தில் சொல்லும் சொல். யாரோ போனிடம் வாயால் சொல்லியிருக்கிறார்கள். போனுக்கு எங்கள் தமிழ் தெரியாது, இரண்டாக வெட்டிவிட்டது. அப்படியானால் எழுதுகிற ஆள் எங்கள் ஜில்லாக்காரர்.

இறங்க வேண்டிய ஸ்டாப் தாண்டிப் போனதைக்கூட நான் கவனிக்கவில்லை. ஏனென்றால் அதற்குள் இன்னொன்று உறைத்துவிட்டது. கும்பகோணம் பக்கத்துக் கதையில் ஒருவன் ஏன் ஓர்மை என்று சொல்ல வேண்டும்? பழைய முடிவிலும் அவன் அதையேதான் சொன்னான். இத்தனை வருஷம் எனக்கு அது தோன்றவே இல்லை. தினமும் புழங்குகிற சொல் கண்ணில் படாது போல.

அடுத்த லீவு நாளில் கிளை நூலகத்துக்குப் போனேன். அந்த நாவலின் அச்சுப் புத்தகம் இருந்தது. நின்றுகொண்டே கடைசி அத்தியாயத்தைப் புரட்டினேன். ரயில் இல்லை. மழை இல்லை. நாதஸ்வரம், பந்தி, மணப்பெண்ணைக் கேலி செய்யும் தோழிகள். கல்யாணத்தில் முடிகிறது கதை. கருத்து எழுதியவர்கள் எல்லாரும் ஒழுங்காக வாசித்தவர்கள். வாசிக்காதவள் நான் ஒருத்திதான்.

மைனி அந்த நாலு பக்கத்தை எங்கும் பார்த்து எழுதவில்லை. அவரே எழுதியிருக்கிறார். இரண்டாம் பாகம் எழுதுகிற பிச்சிப்பூவும் அந்த நாலு பக்கத்தை வாசித்திருக்க வேண்டும். அந்தப் புத்தகத்தைக் கையில் வாங்கியவர்கள் மூன்று பேர். மைனி. நான். அப்புறம், அவர்.

அவர் எங்கள் சபைப் பாடகர் குழுவில் பாடினார். எலெக்ட்ரிக் வேலை. வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்தார். நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வீட்டில் இருந்த காலம். அவருடைய அம்மா என் அம்மாவிடம், "ஒருநாள் நாங்க வாறோம்" என்று சொல்லியிருந்தார். எதற்கு என்று எல்லாருக்கும் தெரியும். ஒரு பயிற்சி நாளில் அவர் என்னிடம் வாசிக்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அடுத்த வாரம் அந்த பைண்டு புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்துத் திருப்பித் தந்தார்.

"முடிவு வாசிச்சேன்" என்றார்.

"உம்" என்றேன்.

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப சரி" என்றார்.

அவ்வளவுதான். அவருடைய அம்மா வரவில்லை. அவர் விமானம் ஏறிவிட்டார். என்னைப் பிடிக்கவில்லை போலும் என்று எடுத்துக்கொண்டேன். பிறகு எனக்குக் கல்யாணம் ஆனது, நல்ல மனிதர்தான், இரண்டு பிள்ளைகள். ஆனாலும் அந்த "அப்ப சரி"க்கு என்ன அர்த்தம் என்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஊசியில் நூல் கோக்கும்போதும் சோறு வடிக்கும்போதும் அது வந்துபோகும். எதற்காக வராமல் போனார்கள்?

இரண்டாம் பாகத்துக் கதாநாயகன் வெளிநாட்டிலிருந்து வருகிறான். முழங்கால் வலி. அவர்தான் எழுதுகிறாரோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகம் என்றுதான் சொல்லிக்கொண்டேன். ஐம்பதை நெருங்குகிற ஒருத்திக்கு வேறு பெயர் சொல்ல வாய் வருமா?

அவர் ஊருக்கே திரும்பி வந்து சுசீந்திரம் பக்கம் எலெக்ட்ரிக் கடை போட்டிருப்பது எனக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் இஸ்திரிப் பெட்டியின் பிளக்கில் ஒரு ஸ்குருவைக் கழற்றினேன். மறுநாள் சாயங்காலம் பெட்டியைப் பைக்குள் வைப்பதை என் வீட்டுக்காரர் பார்த்தார்.

"நேத்து நல்லாத்தானே இருந்துச்சு?"

"ஷாக் அடிக்கு" என்றேன். அவர் என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்குத்தான் உடம்பெல்லாம் ஷாக் அடித்தது.

கடையில் அவர் ஒரு மின்விசிறியைப் பிரித்து வைத்திருந்தார். கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளி என்னைப் பார்த்தார். கல்லாவில் அவர் மனைவி; கையில் போன்.

"பெட்டிக்கு என்ன?"

"தெரியல்லை."

பிளக்கைத் திருப்பிப் பார்த்தவுடன் சிரித்தார். "ஸ்குரு இல்ல. யாரோ கழத்தியிருக்காவ."

நான் நூல் கடைப் பையின் பிடியைத் திருகிக்கொண்டு நின்றேன். பிறகு, வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன். "கதையெல்லாம் இப்பவும் வாசிப்பியளா?"

"இந்தக் கண்ணை வச்சிட்டா? பில்லே வாசிக்க முடியல்லை. இவதான் போனைப் பாத்து வாசிச்சுக் காட்டுவா. அவ வாசிப்பா, நான் வயர் சுத்துவேன்."

அவர் மனைவி தலையைத் தூக்கினார். "இப்பம் ஒரு கதை போகுதுல்லா அக்கா, குடைக் கதை. ஊரெல்லாம் கல்யாணம் ஆச்சுன்னு சொல்லுது. இவரு மட்டும், இல்ல, ஸ்டேஷன்லதான் முடியுதுன்னு அடம் பிடிக்காரு. எங்க வாசிச்சியன்னு கேட்டா சொல்ல மாட்டேங்காரு."

"சொல்லாம என்ன?" என்றார் அவர், ஸ்குருவை முடுக்கிக்கொண்டே. "இவியதான் அந்த பைண்டு புஸ்தகம் தந்தது. கடைசி நாலு பக்கம் இவிய கைப்பட எழுதி ஒட்டியிருந்தாவ. எனக்கு இன்னும் ஓர்மை இருக்கு."

அவர் மனைவி போனைக் கல்லாப் பெட்டி மேல் கவிழ்த்து வைத்துவிட்டு என்னை ஒரு தடவை முழுதாகப் பார்த்தார்.

"அப்படியா அக்கா? நீங்களா எழுதினிய?"

நான் எழுதவில்லை. அது என் கையெழுத்து இல்லை. என் கையெழுத்தை அவர் பார்த்ததே கிடையாது. இதுதான் நான் சொல்ல வேண்டியது. மூன்றே வாக்கியம்.

"உம்" என்றேன்.

பெட்டியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபின்தான் எனக்கு விளங்கியது. ரயிலில் ஏறாமல் தலையை ஆட்டிய அந்த நாலு பக்கத்தை அவர் என் பதில் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். "முடிவு வாசிச்சேன்" என்று அவர் சொன்னது கதையின் முடிவை இல்லை. அதற்கு நான் "உம்" என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

அவர் எழுதவில்லை என்றால், மீதி ஒரே ஆள்தான்.

மறுநாள் கடையில் லீவு சொல்லிவிட்டுப் பூதப்பாண்டிக்கு பஸ் ஏறினேன். அண்ணன் இறந்தபின் மைனி அந்த வீட்டில் தனியாக இருக்கிறார். பஸ்ஸில் மைனி மேல் ஒரு சந்தேகம் வளர்ந்துகொண்டே போனது: எனக்கு வரவிருந்த சம்பந்தத்தைக் கெடுக்கத்தான் எழுதினாரோ? அந்தப் பக்கங்கள் தைக்கப்பட்டவை இல்லை, ஒட்டப்பட்டவை. எப்போது வேண்டுமானாலும் ஒட்டியிருக்கலாம். நான் புத்தகத்தைக் கொடுப்பதற்கு முந்தின நாள்கூட. இல்லை, பத்தாம் வகுப்பிலேயே நான் வாசித்தேனே. வாசித்தேனா? என் நினைவையே எனக்கு நம்ப முடியவில்லை.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளிருந்து மைனியின் குரல் கேட்டது. தெருவில் மீன் விற்பவரைக் கூப்பிடுகிற சத்தத்தில் பேசிக்கொண்டிருந்தார்.

"அவள் மெல்லத் திரும்பினாள். முற்றுப்புள்ளி. உனக்கு என்னை ஓர்மை இருக்கா. ஓர்மை. சேத்து போடு. ஓர்மை! ஏ சவமே, ஓர்மை!"

நான் உள்ளே போனேன். அடுக்களை மேடையில் டப்பாவில் சாய்த்து வைத்த போன். பக்கத்தில் பாதி நறுக்கிய பலாச் சக்கை. மைனி நல்லெண்ணெய் தடவிய கையோடு நின்றார். என்னைக் கண்டதும் முழங்கையால் போனைக் கவிழ்த்தார்.

"வா மக்கா. லீவா? சோறு தின்னியா?"

"பிச்சிப்பூ நீங்களா?"

ஒரு சுளையை எடுத்துப் பார்த்தார். கொட்டையை எடுத்தார். "கண்டுபிடிச்சிட்டியா? இந்த எழவு போனு காட்டிக் குடுத்திட்டுல்லா. ஒரு தடவை 'சவமே'யும் சேந்து போயிட்டு. ஹீரோவுக்கு ஏன் திடீர்னு கோபம் வருதுன்னு ஆளாளுக்குக் கேக்காவ."

எனக்குச் சிரிப்பு வந்தது. வரக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். "அந்த நாலு பக்கமும் நீங்கதான் எழுதினிய. கல்யாணத்துலதான் கதை முடியுது. நான் லைப்ரரியில பாத்தேன்."

"ஆமா."

"ஏன்?"

மைனி கையைப் பழந்துணியில் வழித்துத் துடைத்தார். "கல்யாணம் கழிஞ்சு பதினெட்டாம் நாள் உங்க அண்ணன் சவூதிக்குப் போனாரு. நாகர்கோவில் ஸ்டேஷன்ல நான்தான் கொண்டுபோய் விட்டேன். நல்ல மழை. ரயில்ல ஏறிட்டு, ஓர்மை இருக்குமான்னு கேட்டாரு. வாயத் தொறக்க முடியல்லை, தலைய ஆட்டினேன். வீட்டுக்கு வந்து அந்தப் புஸ்தகத்தைத் தொறந்தா, மேளம் அடிச்சுக் கல்யாணத்துல முடிச்சு வச்சிருக்கான். எனக்கு ஆத்திரம். கிழிச்சு அடுப்புல வச்சேன். அப்புறம் அந்த இடம் சும்மா கெடக்கேன்னு எழுதி ஒட்டினேன்."

அது நான் பத்தாம் வகுப்பில் இருந்த வருஷம். சபையில் பாடியவர் எங்கள் வாழ்க்கையில் வருவதற்கு வெகு முன்பே. ஆகவே எனக்கு எதிராக எழுதியது இல்லை. பஸ்ஸில் சேர்த்துக்கொண்டு வந்ததெல்லாம் என் கையிலிருந்து நழுவியது. ஆனாலும் ஒன்று மிச்சம் இருந்தது.

"நான் அந்தப் புஸ்தகத்தை அவருகிட்ட குடுத்தது உங்களுக்குத் தெரியுமா?"

மைனி பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தில் இரண்டு சுளை நறுக்கிவிட்டார்.

"தெரியும்."

"அவரு அதை என் பதிலுன்னு நெனைச்சிட்டாரு. என் கையெழுத்துன்னு."

"நெனைச்சாலும் நெனைப்பான்னு எனக்கும் தோணிச்சு. அவன் அம்மா வராம இருந்தப்போ, சொல்லிரலாம்னு ரெண்டு தடவை உன் பக்கத்துல வந்தேன். சொல்லல்லை."

"ஏன் மைனி?"

"நீயும் போயிட்டா அந்த வீட்டுல நான் ஆருகிட்ட பேச?" என்றார். பிறகு என்னை ஏறிட்டுப் பார்த்து, "நீ பேசவா செஞ்சே. இருந்தாலும்" என்றார். "அவனாவது உன்கிட்ட தெளிவா கேட்டிருக்கலாம். நீயாவது வாயத் தொறந்திருக்கலாம். எல்லாத்துக்கும் நானா?"

அதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு இரண்டாம் பாகம் என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. கதை எழுதுகிறவர் கண்ணை எப்படி நம்புவது?

சக்கைப் பிசினை எண்ணெய் போட்டுக் கழுவிவிட்டு மைனி போனை நிமிர்த்தினார். "கடைசிப் பகுதிதான் பாக்கி. அவன் கேட்டுட்டு நிக்கான். அவ என்ன சொல்லணும்னு எனக்கு வரமாட்டேங்கு. மறுபடியும் தலைய ஆட்ட வச்சா ஆளுக அடிக்க வந்திருவாவ. நீ சொல்லேன்."

போனை என் வாய்க்கு நேரே நீட்டினார். நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுசீந்திரத்தில் கல்லாவில் உட்கார்ந்து ஒருத்தி உரக்க வாசிப்பாள். அவர் வயர் சுற்றிக்கொண்டே கேட்பார்.

"அதை நான் எழுதல்லை" என்றேன்.

போன் அதைப் பிழையில்லாமல் எழுதியது. ஒரு தடவையில்.

மைனி வாசித்துப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். "கதையில இது எங்கன பொருந்தும்? அவ எதை எழுதல்லை?"

"பொருந்தாண்டாம். போடுங்க."

"ஓர்மையை மட்டும் சேத்து விடு" என்று போனை என்னிடம் தந்தார். கிடைத்த இடத்திலெல்லாம் இடைவெளியை எடுத்தேன். ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன்; அதில் இதயம் போட்டவர்கள் பாவம்.

கடைசிப் பகுதி வெளியானதும் எதிர்பார்த்தது போலவே திட்டினார்கள். "இது என்ன முடிவு? எதை எழுதவில்லை?" "எழுத்தாளருக்கே கதை மறந்துவிட்டது போல." நான் கடையில் நூல் பெட்டிக்குப் பின்னால் நின்று ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தேன். கீழே, படம் இல்லாத, பெயருக்குப் பதில் வெறும் எண்கள் உள்ள ஒரு கணக்கிலிருந்து இரண்டே சொல் இருந்தது.

"அப்ப சரி."

என்னோடு வேலை பார்ப்பவள் எட்டிப் பார்த்தாள். "யாரு ஏட்டி அது?"

தெரியவில்லை என்றேன். அவராக இருக்கலாம். அவர் சொல்லக் கேட்டு மனைவி தட்டியதாக இருக்கலாம். மைனிக்கு நான் எப்போதாவது அந்த இரண்டு சொல்லைச் சொல்லியிருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். சொன்னதாக ஓர்மை இல்லை. ஆனால் அந்தச் சின்ன வீட்டில், ஒரே அறையில், மைனியும் நானும் ஆறு வருஷம் படுத்து உறங்கினோம். தூக்கத்தில் நான் என்னவெல்லாம் பேசினேனோ!